புளிக்காத அப்பம்

ஹம்பேர்க்,
சித்திரை 2005

இஞ்சருங்கோ,

பழைய விலாசத்துக்குத்தான் இதையும் எழுதுகிறேன். வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

நேற்றுக் கீழ்வீட்டு யூதக் குடும்பம் மகளையும் என்னையும் பஸ்கா விருந்துக்குக் கூப்பிட்டது. எகிப்தில் அடிமைகளாயிருந்த அவர்களுடைய முன்னோர் ஒரே இரவில் வெளிக்கிட்டார்களாம். பிசைந்த மா புளிக்க நேரமிருக்கவில்லையாம். அதை மறக்காமலிருக்கத்தான் இன்றைக்கும் புளிக்காத அப்பம் சாப்பிடுகிறார்கள்.

நான் அப்பத்தைப் பிய்க்காமல் தட்டிலேயே வைத்துவிட்டேன். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊர்ச்சனத்தோடு நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அன்று, விடியத் தோசைக்கென்று அரைத்த மா குசினியில் இருந்தது. ஆளில்லாத வீட்டில் அது புளித்துப் பொங்கி வழிந்திருக்கும். அதற்குப் பிறகு நான் தோசை சுட்டதில்லை. எனக்குத் தோசை பிடிக்காது என்றுதான் மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த விருந்தில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க, தகப்பன் வெளிக்கிட்ட கதையைச் சொல்வார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமென்று அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்.

"அம்மா, நாங்கள் வெளிக்கிட்ட கதையைச் சொல்லுங்கோ."

மழையையும் சனத்தையும் சொன்னேன். நாவற்குழிப் பாலத்தில், உங்கள் தோளில் நித்திரையாயிருந்த அவளை என்னிடம் தந்து, "நீர் பிள்ளையோட நடவும், நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று, பின்தங்கிவிட்ட மாமியைத் தேடி நீங்கள் திரும்பியதையும் சொன்னேன்.

"பிறகு?" என்றாள்.

எகிப்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்குக் கடல் வழிவிட்டது, எல்லோரும் ஒன்றாகக் கரையேறினார்கள். எனக்குப் பாலத்துக்கு அங்கால் கதை தெரியாது.

இன்றைக்கு உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன். பிள்ளை கேட்டுவிட்டாள். மிச்சத்தைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் பாலத்தடியில் நிற்கும்
உங்கள் மனைவி