கயிற்றை விடுவதாக இல்லை

என் வீட்டுக்காரிக்கு,

மகன் வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய். நானும் இருக்கிறேன். சோறுதான் தினமும் குழைந்துபோகிறது.

நேற்று உன் மகன் அருங்காட்சியகத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் நீராவிக் கப்பலை உடைத்தபோது எனக்கென்று கொடுத்தார்களே வெண்கல மணி, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். யாரும் அடித்துப் பார்க்காமலிருக்க அதன் நாக்கைக் கழற்றிவிடுவார்களாம்.

“கப்பலே போயிடுச்சு, இன்னும் யாருக்குப்பா அடிக்கிறீங்க? இந்தச் சத்தம் தாங்காமத்தானே அம்மா கிளம்பி வந்தாங்க?” என்றான்.

“ஊமையாக்கித்தான் மரியாதை செய்வீங்களோ? போய்ட்டு வாங்க” என்று வாசலைக் காட்டினேன்.

அந்தக் கப்பல் சரக்கும் சனமும் ஏற்றி ஓடிய காலமெல்லாம், மூடுபனியில் நங்கூரம் போட்டால் மணி அடித்தவன் நான். நாங்கள் இங்கே நிற்கிறோம், மோதிவிடாதே என்று எதிரே வருகிறவனுக்கு அது ஒன்றுதான் சொல்லும். கைமாற்ற ஆள் வராமல் கயிற்றை விடக் கூடாது. விரல் விறைத்துப்போனபோதும் நான் விட்டதில்லை.

மணியைக் கொடுத்துவிட்டு அங்கே வரச் சொல்லி இனி ஆள் அனுப்பாதே. வரமாட்டேன். நீ இருக்கும் ஊரிலிருந்து வரும் பேருந்து இங்கே வந்து நிற்கும் நேரத்துக்குத் தினமும் அடிப்பேன். தெருமுனை வரை கேட்கும்.

என்னைச் சாப்பிடக் கூப்பிட மணி அடிக்கலாமென்றால் கயிறு எட்டவில்லை என்று ஒருமுறை குறைபட்டுக்கொண்டாய். இப்போது ஒரு முழம் நீட்டிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இடத்தை விட்டு நகராதவன்