ஐம்பத்து மூன்று மணியும் ஒரு ரப்பர் துண்டும்

அண்ணே,

இன்று காலை முட்டைக் கூடையோடு கீரனூரில் வந்து நின்றேன். புளியமரத்தடியில் ஒரு லாரி நின்றது. அதை ஓட்டி வந்தவர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, புகை வெளியேறும் இரும்புக் குழாயில் டியூபை வைத்துக் கட்டி, அந்தச் சூட்டிலேயே பஞ்சருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் வேகிற நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பால் நடக்க முடியவில்லை. கூடையை இறக்கி வைத்து மைல் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, மயக்கமா?" என்றார் அவர்.

"இல்லய்யா, ஒங்க அழகைப் பாத்து அசந்துபோயிட்டேன்" என்றேன்.

கால் நின்றுபோனாலும் எனக்கு வாய் நிற்காது. அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போன கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டீர்களாம். எனக்குச் சேதி வந்தது எட்டு நாள் கழித்து. உங்கள் பஸ்ஸில், நீங்கள் உட்கார்ந்து ஓட்டுகிற இடத்தில் வேறு ஒருவர் இருப்பதைப் பார்த்து, "எங்க அண்ணன் எங்க, மாமியார் வீட்டுக்கா?" என்று கேலியாகத்தான் கேட்டேன். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நான் கன்னியர் மடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். தபாலில் போடாத கடிதத்துக்குப் பிழை திருத்த யார் வரப் போகிறார்கள்?

வாரம் ஒரு நாள் வைக்கோல் பரப்பிய கூடையோடு உங்கள் வண்டியில் புதுக்கோட்டைக்கு வருவேன். "ஒங்க வண்டியில முட்டையை ஏத்தினா, எறங்குறப்ப குஞ்சா எறங்குது. அவ்வளவு வேகம்" என்பேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். "வண்டிக்கு பிரேக்கு இருக்கு. ஒன் வாய்க்குத்தான் எவனும் வைக்கல" என்பீர்கள். வண்டி கீரனூரை விட்டதும் நான் ஜெபமாலையை எடுத்துவிடுவேன். மணிக்கு ஒரு பிரியதத்த மந்திரமாக, மாதாவை வேண்டிப் பத்துப் பத்தாக ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடியும்போது நார்த்தாமலைக் குன்று பக்கத்தில் வந்திருக்கும். அதை நீங்கள் எப்படியோ கவனித்து வைத்திருந்தீர்கள். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, "தங்கச்சி ஜெபம் முடிஞ்சுச்சா? அப்ப நாம நேரத்துக்குத்தான் போறோம்" என்பீர்கள். கண்டக்டரின் கைக்கடிகாரத்தைவிட என் மணி சரி என்று அவரையும் சீண்டுவீர்கள்.

அப்போது உலக யுத்தம் நடந்த காலம். பெட்ரோலை அளந்து கொடுத்தார்கள். புது டயரைக் கண்ணால் பார்த்து வருஷமாகிவிட்டது என்று சொல்வீர்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் கூடை கொண்டு வரவில்லை. விடிகிற நேரத்தில் வைக்கோல் பிடுங்கப் போன என் வீட்டுக்காரரை விரியன் கடித்துவிட்டது. பாடம் போட்டு மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போ என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மாட்டு வண்டியில் போட்டுக் கீரனூருக்குக் கொண்டுவந்தேன். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. நீங்கள் அவரைத் தூக்கி நீளப் பலகையில் படுக்க வைத்துவிட்டு, கிளம்புகிற நேரத்துக்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டீர்கள்.

"பெரிய ஆஸ்பத்திரியில ஊசி இருக்கு. பேசாம ஒக்காரு" என்றீர்கள். அன்றைக்கு நான் பேசவே இல்லை. அதைப் பார்த்துத்தான் நீங்களும் பயந்துபோனதாகப் பின்னால் சொன்னீர்கள்.

நார்த்தாமலையைத் தாண்டிச் சற்று தூரம்தான் போயிருப்போம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. மாட்டு லாடத்து ஆணி ஒன்று பின் டயரில் ஏறியிருந்தது. ஸ்டெப்னி முதல் நாளே போய்விட்டது. ஒட்டுப் பசை கடையில் கிடைக்காத காலம். சாலையில் இந்தப் பக்கமும் ஒன்றும் வரவில்லை, அந்தப் பக்கமும் ஒன்றும் வரவில்லை. கண்டக்டர் ஏதாவது மாட்டு வண்டி கிடைக்குமா என்று பார்க்க ஊர்ப் பக்கம் ஓடினார். ஏறியிருந்தவர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் குடையோடு நின்றுகொண்டு, "அப்பவே மந்திரிச்சிருக்கணும். இப்ப இரும்பை நம்பி வந்தாச்சு" என்றார். அந்தக் குடையாலேயே அவரை ஒரு போடு போடலாமா என்று இருந்தது எனக்கு.

நீங்கள் டயரைக் கழற்றி டியூபை உருவினீர்கள். ஓட்டையைச் சுற்றி அரத்தால் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்தீர்கள். உங்கள் தகரப் பெட்டியில் வேகாத பச்சை ரப்பர் இரண்டே துண்டு இருந்தது. ஒன்றை வெள்ளி ரூபாய் அளவுக்கு வெட்டி ஓட்டைமேல் வைத்து, அதன்மேல் ஒரு தகரத் தகட்டை வைத்து, இன்ஜினின் புகைக் குழாயோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினீர்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டீர்கள்.

"குழாய்ச் சூட்டுல இந்த ரப்பரு வெந்து டியூபோட சேரணும் தங்கச்சி. கொறஞ்சா ஒட்டாது. கூடுனா டியூபே கருகிப்போகும்."

"எவ்வளவு நேரம்ணே?"

"எப்பவும் மூணு பீடி கணக்கு." நீங்கள் பீடியைப் பற்ற வைத்து எட்டப் போய் நின்றீர்கள். நாலு இழுப்பில் விரல் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு அவசரமாக இழுத்தீர்கள். பீடியைக் கீழே போட்டு மிதித்தீர்கள். "இது இன்னிக்கு ஆகாது. கடியாரம் கண்டக்டரோட போயிருச்சு. நீ ஒன் மணியை உருட்டு. கீரனூர்ல ஆரம்பிச்சு நார்த்தாமலையில முடிப்பியே, அந்த நேரம்தான் இதுக்கும்."

நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உருட்ட ஆரம்பித்தேன். நீங்கள் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, கம்பி தளராமல் குறடால் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் துப்பிய எச்சில் சிவப்பாக என் சேலையில் விழுந்தது. "எருமைக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டார் அவர். "காட்டினேன். ஒங்களைக் கேட்டுச்சு, வரலேன்னு சொன்னேன்" என்றேன். ஜெபத்துக்கு நடுவில்தான் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"முடிஞ்சுச்சுண்ணே" என்றேன்.

இன்ஜினை நிறுத்தி, கம்பியை அவிழ்த்து, ஆறவிட்டு, நீங்கள் காற்றடித்தீர்கள். ஒட்டு அப்பளம் மாதிரி ஓரத்தில் எழும்பி, புஸ்ஸென்று வாயைத் திறந்துவிட்டது. விரலால் தொட்டதும் முழுக்க உரிந்து வந்தது. உள்ளே வேகவே இல்லை.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்கள் விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது.

"தங்கச்சி, எத்தனை சொன்னே?"

"அம்பத்து மூணும் சொன்னேண்ணே. சத்தியமா."

"சொன்னே. அம்பத்து மூணு பேரு ஒரே நேரத்துல சொன்ன மாதிரி சொன்னே."

பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மீதி ஒரு துண்டுதான். நின்ற இடத்திலேயே இன்ஜின் குடித்த பெட்ரோலும் போய்விட்டது. இன்னொரு தடவை ஓடவிட்டால் புதுக்கோட்டை வரை மிஞ்சுமா என்று ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்தீர்கள். மிஞ்சாது போலிருக்கிறது என்று உங்கள் முகத்திலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

மறுபடி சுரண்டினீர்கள், துடைத்தீர்கள், கட்டினீர்கள். இன்ஜினை எழுப்பும்முன் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னீர்கள்: "மாதாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கோயில்ல சொல்ற மாதிரி மெதுவாச் சொல்லு."

அண்ணே, மடியில் புருஷன் ரத்தம் துப்புகிறபோது மெதுவாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தையும் என்னை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தது. பல்லைக் கடித்துப் பிடித்து நிறுத்தினேன். பத்து முடிந்தது. இருபது முடிந்தது. அவர் கண் செருகியது. "ஏங்க" என்றேன், பதில் இல்லை. "ஏங்க, எருமை வந்திருக்கு" என்றேன். அதற்கும் இல்லை. நான் அவர் கன்னத்தைத் தட்டினேன். அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. திரும்பக் கையைப் பார்த்தால், ஜெபமாலை சேலை மடிப்பில் கிடந்தது.

எந்த மணியில் இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இதுதான் அண்ணே, நான் சொல்லாமல் வைத்திருந்தது. இருபத்தைந்தா, முப்பத்தைந்தா, நாற்பதா, ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அங்கிருந்து, "எங்க இருக்கே?" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினீர்கள். "மூணாம் பத்துலண்ணே" என்றேன். பொய். ஜெபத்தைக் குறைத்து நிறுத்தினால் இந்த ஒட்டும் உரிந்து வரும். அதிகம் சொல்லிவிட்டால் டியூபே கருகிவிடும். வேறு துண்டும் இல்லை. தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் குறடை விட்டுவிடுவீர்களோ என்று பயம். மணியைப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக ஓரிடத்திலிருந்து தொடங்கினேன். அவருக்காக வேண்டிக்கொள்ளவில்லை. அந்த ரப்பருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். மாதாவே, இது ஒட்டணும், இது ஒட்டணும் என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு கட்டத்தில் எனக்கு இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவையும் இப்படித்தானே இருந்தது, தாங்காது என்று தோன்றியபோதுதானே ஓடி முடித்தோம் என்று நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்திலிருந்து இன்னும் பத்து பிரியதத்த மந்திரம் சொன்னேன். ஒவ்வொன்றையும் கடைசி எழுத்து வரைக்கும் சொன்னேன். அந்தப் பத்தும் சொல்லி முடிக்க ஒரு வருஷம் ஆனது மாதிரி இருந்தது.

"போதும்ணே."

நீங்கள் அவிழ்த்தீர்கள். ஆறவிட்டீர்கள். காற்றடித்துவிட்டு டியூபைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றீர்கள். பிறகு என்னிடம் கொண்டுவந்து, "வெச்சுப் பாரு" என்றீர்கள். வைத்தேன். சூடு இருந்தது. காற்று வரவில்லை.

கண்டக்டருக்குக் காத்திராமல் டயரை மாட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். பெட்ரோல் எப்படிக் கடைசிவரை போதுமானது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இறக்கத்திலெல்லாம் இன்ஜினை அணைத்து உருளவிட்டீர்கள். பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோனீர்கள். குடைக்காரப் பெரியவர்தான் என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உங்களோடு உள்ளே தூக்கிவந்தார். ஊசி போட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் என்னைப் பார்த்து, "எருமை எங்க?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

இப்போதும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார். பின் டயர் தேய்ந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன். முறைப்பார்.

அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் என்னைக் காட்டி, "இந்தத் தங்கச்சி கணக்கு மணிக்கூண்டுக் கணக்கு. ஒரு மணி கூடாது, ஒரு மணி கொறயாது" என்று பெருமை பேசினீர்கள். நான் சிரித்துக்கொண்டு, "கூலி கொடுங்க, எல்லா ஒட்டுக்கும் வந்து சொல்றேன்" என்பேன். எத்தனையோ கேலி பேசிய வாய்க்கு, எண்ணிக்கை தவறிவிட்டது அண்ணே என்று ஒரு வார்த்தை வரவில்லை. நீங்கள் என்னை நம்பிக் கை சுட நின்றவர். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினவள். அதை உங்களிடம் சொன்னால் அந்தப் பயம் மறுபடி நிஜமாகிவிடும் என்று தோன்றியது. இன்று அந்த லாரிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான், சொல்லாவிட்டாலும் அது நிஜமாகத்தான் இருந்தது என்று தெரிந்தது.

எங்கள் மாதா கோயிலில் ஜெபம் சொல்ல என்னைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். இவ்வளவு நிதானமாகச் சொல்ல யாராலும் முடியாதாம். பக்தியாம். பங்குச் சாமியாரே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்தியல்ல, டியூப் வேகாமல் போய்விடுமோ என்கிற பயம் என்று சாமியாரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் அந்தப் பத்து மட்டும் என்னோடு இருக்கிறது. என் மூத்த மகள் தலைப்பிரசவத்தில் ஒரு பகல் முழுக்கக் கத்தினபோது, இனித் தாங்காது என்று எழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தேன். உட்கார்ந்து பத்து சொன்னேன். போன வருஷம் மழை பெய்யாமல் கிணறு வறண்டபோது ஊரைவிட்டுப் போய்விடலாம் என்றார் அவர். பத்து சொல்லிவிட்டுப் பேசலாம் என்றேன். தாங்காது என்று தோன்றிய இடத்திலிருந்து இன்னும் பத்து. பெரும்பாலும் அதற்குள் ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் சேதி கேட்ட அன்று பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். பத்து சொன்னேன். இருபது சொன்னேன். புதுக்கோட்டை வந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அண்ணே.