ஜடை பின்னிவிடுகிறவள் நான்

செவ்வாய், இரவு.

பள்ளிக்கூடத்துப் புகார்ப் பெட்டியில் யாழினி சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். வகுப்பில் ரெண்டு பிள்ளைகள் ஒரு மாசமாய் அவள் ஜடையை இழுத்து அழ வைக்கிறார்களாம். டீச்சர் கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்கே தெரியும். தினமும் அந்த ஜடையைப் பின்னிவிடுகிறவள் நான்.

“ஏன்டி, அம்மாகிட்டச் சொல்லல?”

“சொன்னா அய்யாவையும் கூட்டிக்கிட்டு அவுக வீட்டுக்குச் சண்டைக்குப் போயிருவ. டீச்சர் போக மாட்டாக.”

போன வருஷம் ஒரு பென்சிலுக்காக, இவளோடு படிக்கும் செல்வி வீட்டு வாசலில் நின்று கத்தினேன். அதோடு செல்வி இவளோடு பேசுவதில்லை.

டீச்சர் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசி, இன்று சேர்த்தே வீட்டுக்கு அனுப்பினார். நல்லதுதான். ஆனாலும் வயிறெரிகிறது. அவர் இந்த ஊருக்கு வந்தே மூணு மாசம்தான்.

நாளைக்குத் தலை பின்னும்போது எதுவும் கேட்கக் கூடாது. அவளாகச் சொல்கிறாளா பார்ப்போம். என் வாய் சும்மா இருக்க வேண்டுமே.