ஸ்லோ குக்கர் வாங்குவதா, வேண்டாமா?

அன்புள்ள அத்தைக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள்; பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உங்கள் முட்டிவலி தேவலையா? உங்கள் பிள்ளைக்கு இந்த மாதமும் இரவு ஷிப்டுதான்.

காலையில் பருப்பும் காயும் போட்டுவிட்டுப் போனால், நான் திரும்புவதற்குள் தானாகவே வெந்திருக்குமாம் ஸ்லோ குக்கரில். வாங்கலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். நேற்று தாமதமாக வந்து மறுபடியும் ரொட்டியைத்தான் நீட்டினேன். "இதே போதும்மா, நீ போய்ப் படு" என்றாள் பாப்பா, பெரிய மனுஷி மாதிரி. சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

"நான் வந்து பாத்துக்கறேம்மா" என்று நீங்கள் முன்வந்தபோது, "வேணாம் அத்தை, சமாளிச்சுக்கறேன்" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னவள் நான். இப்போது அந்த வேலைக்குப் பாத்திரம் தேடுகிறேன். அது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடாது, அத்தை.

குக்கர் வேண்டாம். மனசில் வைத்துக்கொள்ளாமல் நீங்கள் வருவீர்களா? வந்தால் பருப்பு மத்தையும் எடுத்து வாருங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.