உப்புத்தாளில் ஓடிய பதினெட்டாயிரம் அடி

என் வெட்டுக்கிளிக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும், பட்டறைச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் பதினொரு கதவுகளும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும், முக்கியமாக உன் வலது முழங்காலின் சௌக்கியத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். அது எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாயா, சித்தியிடம் ரகசியம் என்று சொன்னாயாம், போனை வைத்த சூடு ஆறுமுன் அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். கால் வீங்கியிருக்கிறதாம், டாக்டர் இரண்டு வாரம் ஓடக்கூடாது என்றாராம், நீ பட்டையைச் சுற்றிக்கொண்டு இரண்டு வேளையும் ஓடுகிறாயாம், கேட்டால் சித்தப்பாவே இந்த வயசுல தினம் பதினெட்டாயிரம் அடி போடறார், நான் எப்படிப் படுத்திருக்கறது என்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு தடவைதான் போட்டுச் சாப்பிட்டேன்.

போன மாதம் நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டிய கதையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சர்க்கரை குறையணும், தினமும் ஓடணும், எத்தனை அடி வச்சீங்கன்னு கடிகாரம் எண்ணும், உங்க எண் என் போன்ல வரும், என் எண் உங்க போன்ல வரும், யார் ஜெயிக்கறாங்கன்னு பார்ப்போம் என்றாய். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பதினாறாம் வகுப்பு, அதனால் அதன் சூட்சுமம் ஒரே நாளில் பிடிபட்டது. முதல் நாள் நான் ஓடிய ஓட்டத்தில் நாலு தெருநாய்கள் துரத்தி வந்து முடியாமல் மூச்சு வாங்கித் திரும்பிப் போயின. ஒரே நாய்தான், அதுவும் படுத்துக்கிட்டே பார்த்துச்சு என்கிறாள் சித்தி, அவள் பேச்சை விடு. அன்றைக்கு என் எண் எண்ணூறு, உன் எண் ஒன்பதாயிரம். மறுநாள் நான் ஓடவே போகவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஆறு கதவுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். சாயங்காலம் மணிக்கட்டு நடுங்கியது, கரண்ட்தான் அடித்துவிட்டது என்று தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பார்த்தால் கடிகாரத்தில் வாணவேடிக்கை, பதினெட்டாயிரம் அடி. கை போய்வந்த ஒவ்வொரு தேய்ப்பையும் ஓர் அடி என்று எண்ணியிருக்கிறது அந்தப் பைத்தியம். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ அனுப்பிய சேதியில், சித்தப்பா நீங்க மனுஷனா குதிரையா என்று எழுதியிருந்தாய், அதைப் பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன், எதிர்க்கடைப் பூட்டுக்காரருக்கு மட்டும் மூன்று முறை. குதிரை என்று பேர் வாங்கியபின் இறங்கி நடக்க யாருக்கு மனசு வரும். அப்புறம் நாலு வாரமும் கதவுதான் ஓடியது.

நேற்று முன்தினம் சித்தி பிடித்துக்கொண்டாள், அந்தப் புள்ள காலை ஒடிச்சுக்கிட்டாத்தான் உங்க குதிரை நிக்குமா என்று. ஆகையால் கேட்டுக்கொள், நீ இத்தனை நாள் துரத்தியது என்னை இல்லை, கதவுகளை, அதிலும் ஒன்று கழிவறைக் கதவு. என் அண்ணன் உன்னை எங்கள் கையில் விட்டுப் போனபோது உனக்குப் பத்து மாதம், நீ நடை பழகியதே இந்தப் பட்டறை மரத்தூளில்தான். விழுந்துவிடாமல் இருக்க நான் கையை நீட்டிக்கொண்டு உனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பேன், நீ எட்டிப் பிடிக்கும் தூரத்தை விட்டு என் கை ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அதே ஆள்தான் இப்போது உனக்கு எட்டாத இடத்தில் பொய்யாக ஓர் எண்ணை வைத்து உன் காலை வீங்க வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் கை போய்வருகிறது, கடிகாரம் இதையும் அடியாக எண்ணிவிடக்கூடாது என்று கழற்றி வைத்துவிட்டேன்.

இனிமேல் பட்டறைக்குள் அது ஆணியில்தான் தொங்கும். நேற்றுக் காலை நிஜமாகவே ஓடினேன், பெட்ரோல் பங்க் வரைக்கும், சித்தி வாசலில் நின்று பார்த்தாள், சாட்சி இருக்கிறது. மொத்தம் எழுநூற்றுப் பன்னிரண்டு. அதில் நாற்பது, வீட்டுக்குள் செருப்பைத் தேடி நடந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனாலும் நன்றாக இருந்தது, நாளைக்கும் போவேன். நீ காலைத் தலையணை மேல் தூக்கி வை, ஐஸ் வை, வேலை செய்யும் இடத்தில் படி ஏறாதே, லிஃப்டில் போ. இரண்டு வாரம் உன் கடிகாரத்தை மேஜைக்குள் போட்டுப் பூட்டு, என் போனில் உன் பெயருக்கு நேரே பூஜ்யம் வரவேண்டும், அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரே ஒரு தடவை என்னை யோக்கியமாக ஜெயிக்க விடு.

கால் தேறி, உடம்பு உரம் ஏறி, நினைத்த இடமெல்லாம் நீ ஓடி வரவேண்டும் என்று நானும் சித்தியும் மனசார வாழ்த்துகிறோம். பூட்டுக்காரர் போனில் பேசினால் வாயைத் திறக்காதே, அவருக்கு நான் இன்னும் குதிரைதான்.

இப்படிக்கு,
அறுநூற்று எழுபத்திரண்டு அடி ஓடிய
உன் சித்தப்பா