ஜாப் கார்டின் பின்பக்கம்

வாளியில் சுண்ணாம்பைக் கரைத்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நாளை கல்லறைத் திருநாள். கெலமங்கலத்தில் உன் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்திருக்கிறேன். உன் அம்மா மெழுகுவர்த்திகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஓசூரில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெரிய கவிஞர் படுத்திருக்கிறாரே, அவருக்கும் வருஷா வருஷம் நீதான் வெள்ளையடித்தாய். "எங்க ஆளுங்க செத்தவங்களுக்குச் செய்யறதுதான்டா" என்பாய். நினைவு நாளன்று மாலையோடு வரும் இலக்கியப் பெருந்தகைகள் உன்னிடம் வாளியைத்தான் கொடுத்தார்கள். நீயும் எழுதுகிறவனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம், யார் வேண்டுமானாலும் கல்லறை முன்னால் கவிதை படிக்கலாம் என்றார்கள். உனக்கோ அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். சூப்பர்வைசரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டும் மாற்றித் தரவில்லை. கம்பெனி பஸ் ஏறும்போது, மெஷினில் வேலைக் கணக்கு எழுதும் ஜாப் கார்டு ஒன்றை என் கையில் திணித்தாய். பின்பக்கத்தில் கவிதை, மூலையில் மெஷின் எண்ணெய்க் கறை.

"நீ போய்ப் படிச்சிடு. கடைசியில எம்பேரை மட்டும் சொல்லிடு."

படித்தேன். கை தட்டினார்கள். அதுவரை எனக்கு யாரும் கை தட்டியதில்லை. நீங்கள் எழுதியதா என்று தலைவர் கேட்டார். ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன். முந்தின நாள் நீ அடித்த வெள்ளை என் சட்டையில் ஒட்டியிருந்தது.

ஷிப்ட் முடிந்து நேரே என் ரூமுக்கு ஓடி வந்தாய். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை என்றேன். என் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டிவிட்டாய்.

"விடுடா. நமக்கு வெள்ளையடிக்கத்தான் வருது போல."

அதற்குப் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். என்னைப் போன்றவனை எதற்கு நம்பினாய்? ஒரு தடவை சந்தேகப்பட்டுச் சட்டையைப் பிடித்திருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? அந்த ஒரு கவிதையை வைத்து என்னை இன்னும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

சற்று முன் பக்கத்துக் கல்லறையில் பூ வைக்க வந்தவர் நான் யார் என்று உன் அம்மாவிடம் விசாரித்தார்.

"எம்மவனோட ஃப்ரெண்டுங்க. பெரிய கவிதைக்காரரு. இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருந்தா இவனும் எழுதியிருப்பான்."

அந்த ஜாப் கார்டு அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து உன் அம்மா கையில் கொடுத்திருக்கலாம். மட்டையை வாளியில் முக்கி, குனிந்து வெள்ளையடித்தேன்.