நீங்கள் கூப்பிட்டபோது வராதவள் எழுதுவது

என் உயிரான சரசு மதினிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் மகன் செந்தில் பெங்களூரிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்கிறான். "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்து, "அந்தக் கோயம்புத்தூர் வீட்டைப் பத்தி முடிவு பண்ணிட்டீங்களா?" என்று போன மாதம்வரை முடித்துக்கொண்டிருந்தான். நான் சங்கரன்கோவிலில் தனியாக இருப்பது அவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பாத்ரூமில் ஒரு தடவை வழுக்கி விழுந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட நாத்தனாரை எந்த மதினி பொறுத்துக்கொள்வாள்? நம் வீட்டில் எப்போது பாத்திரம் பறக்கும் என்று தெருவே காத்துக் கிடந்தது. நான் திருவேங்கடத்துக்கு பஸ் ஏறி ஆபீஸ் போய் வந்த முப்பது வருஷமும் நீங்கள் டிபன் கட்டிக் கொடுத்தீர்கள். அண்ணன் போன பிறகும் நாம் இரண்டு பேரும் அதே வீட்டில், அதே அடுப்பில்தான் இருந்தோம். தெருவுக்குப் பெரிய ஏமாற்றம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு செந்தில் இந்தப் பேச்சை முதலில் எடுத்தபோது நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள். கோயம்புத்தூர் பக்கம், ரிட்டயர் ஆனவர்களுக்கென்றே கட்டிய வீடுகள். சமையல் வேலை கிடையாது, காலையில் யோகா, சாயந்தரம் கேரம், நீச்சல்குளம் வேறு. போனில் அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள்.

"ஏட்டி பார்வதி, போவமா? நாப்பது வருசமா மாவாட்டியாச்சு. யாராவது ஆக்கிப் போட்டு நான் ஒக்காந்து சாப்பிடணும்" என்றீர்கள்.

"உசுரோட இருக்கும்போதே ஊரைக் காலி பண்ணச் சொல்லுதீங்களா? நான் வரமாட்டேன்" என்று வெட்டிவிட்டேன். என் ஒட்டாரப் பிடிவாதம்தான் உங்களுக்குத் தெரியுமே. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுநாளும் மாவாட்டினீர்கள். ஏன் மதினி, என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

நீங்கள் போன அன்றைக்கு நான் அழவில்லை. பந்தல், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். "கல்லு மனசுக்காரி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நம்ம கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிடித்துக்கொள்ள உங்கள் கை இல்லாமல் நின்றபோதும் அழுகை வரவில்லை. எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

போன மாதம் செந்தில் என்னை அதே இடத்துக்குக் கூட்டிப்போனான். மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமாம். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. சாம்பார் இனிக்கிறது. கேரம் போர்டில் எழுபது வயதுக்காரர்கள் சண்டை போடுகிறார்கள், அது மட்டும் எனக்குப் பிடித்தது.

இரண்டாம் நாள் எதிர்வரிசை வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அவர் சம்சாரம் பூனாக்காரம்மா, தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும். பக்கத்தில் துட்டி வீடு இருக்கும்போது துக்கம் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். எல்லோரும் கைகட்டி, சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நம்ம ஊர்ப் பழக்கத்தில் நேரே போய் அந்தம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதுவிட்டேன். முகம் தெரியாத மனுஷருக்காக ஆரம்பித்த அழுகை, பாதியில் உங்களுக்காக ஆகிவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். செந்தில் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில், நாங்கள் கிளம்பும் நேரத்தில், அந்தம்மா என்னைத் தேடி வந்து நிற்கிறார்.

"நேத்து சொல்லாம போயிட்டீங்க. என்மேல கோபமா?"

"ஐயோ, இல்லம்மா. துட்டி வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. எங்க ஊர் வழக்கம்" என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. "எல்லாரும் தைரியம், தைரியம்னு சொன்னாங்க. நீங்க மட்டும் அழுதீங்க. அப்புறம்தான் எனக்கும் அழுகை வந்தது." பிறகு, "இப்ப நான்தானே உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். இப்ப வாரேன்னு சொல்லலாம் இல்ல?" என்று கேட்டார்.

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன், மதினி. சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. கார் ராஜபாளையம் தாண்டுவதற்குள் செந்திலிடமும் சரி என்று சொல்லியாகிவிட்டது. தை பிறந்ததும் போகிறேன்.

சரி என்று சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன். ஆக்கிப் போட்ட சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டது நீங்கள். அதை நான் மட்டும் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்? நாற்பது வருஷம் சோறு போட்ட நீங்கள் கூப்பிட்டபோது வராதவள், நேற்றுப் பார்த்த ஒருவர் கூப்பிட்டதும் பெட்டி கட்டுகிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயம்தான். உங்களிடம் ஒருநாள்கூட மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியம் வரும் என்று நினைத்ததும் இல்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள், மதினி.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனிமேல் என்னை நம்பி யாராவது வா என்று கூப்பிட்டால், எங்கே, எதற்கு என்று கேட்க மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

உங்களோடு ஒரே ஒரு தடவை வந்திருக்கலாம் என்று ஏங்கும்,
உங்கள் நாத்தனார்
பார்வதி